அப்பாவுக்குக் கல்லீரல் கொடுத்த பிறகு நான் சாப்பிட்டது

மூன்றாம் நாள் கஞ்சித்தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்ததுமே கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த மாதிரி வயிறு முட்டியது. கல்லீரலின் வலது பக்கம், மொத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல், அப்பாவுக்குப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில் எனக்கு பாஸ்பரஸ் குறைந்திருந்தது. மிச்சக் கல்லீரல் வளரத் தொடங்கும்போது இப்படி ஆவது வழக்கம்தான் என்று சொல்லி டிரிப்பில் ஏற்றினார்கள். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டீஷியன் கணக்குப் போட்டார். என் எடை 60 கிலோ. கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் நாளைக்கு 90 கிராம் புரதம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பதே மூன்றரை கிராம்தான்! நானோ ஒரு இட்லியை அரைமணி நேரம் மென்றுகொண்டிருந்தேன். அதனால்தான் புரதப் பவுடரும் எழுதிக் கொடுத்தார்கள், தினம் இரண்டு கரண்டி. பாலில் கலந்தால் குமட்டியது. உப்புப் போட்ட மோரில் கலந்து மத்தால் கடைந்து தந்தாள் அம்மா, சரி, இறங்கியது. சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய பாடு சொந்தக்காரர்களைச் சமாளிப்பது. சித்தி கீழாநெல்லிப் பொடியோடு வந்தாள். மாமா அஸ்வகந்தா மாத்திரை வாங்கி வந்தார். இரண்டையும் டாக்டரிடம் காட்டினேன். அஸ்வகந்தாவாலும், கொரோனா காலத்தில் பலர் குடித்த சீந்தில் கஷாயத்தாலும் கல்லீரல் கெட்டு வந்தவர்கள் உண்டு என்றார். "அது தானா வளரும். நீங்க அதுக்குப் புது வேலை வைக்காதீங்க." அப்பாவுக்கு இன்னும் கண்டிப்பு. பம்பளிமாஸ்கூட, புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுமாம், அதனால் அதுவும் கூடாது.

மூன்றாம் மாத ஸ்கேனில் கல்லீரல் பழைய அளவை நெருங்கியிருந்தது. வெட்டிய பக்கம் திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருக்கும் பக்கம்தான் பருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பவுடரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சித்திக்கு மட்டும், நான் கீழாநெல்லியைத் தொடாமலே தேறிவிட்டதில் இன்னமும் கொஞ்சம் வருத்தம்.