ஈரப் புல்லில் ஹாக்கி

குன்னூரில் காலையிலிருந்து தூறல். புல் மைதானத்தில் பசங்க ஹாக்கி. மட்டைக்கு ஒரு சாண் முன்னால் வந்து துள்ளிய பந்து ஒரு பையன் முழங்காலில்!

பந்து 156 முதல் 163 கிராம். கல் மாதிரி.

புல்லில் பந்தை நிறுத்த, கைப்பிடி பந்து வரும் பக்கம் சாய்ந்திருக்கணும். அப்போதுதான் பந்து கீழே அமுங்கும். வலது கையை இறுக்கினால் தெறித்துவிடும். அந்தப் பையன் இறுக்கித்தான் பிடித்திருந்தான்.

செயற்கைத் தரையில் இந்தத் துள்ளல் கிடையாது. மட்டையைத் தரையோடு படுக்கவைத்தே நிறுத்தலாம்.

1928 முதல் 1964 வரை இந்தியா வென்ற ஏழு ஒலிம்பிக் தங்கமும் புல்லில்தான். 1976 மான்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தது, நமக்கு ஏழாவது இடம். மட்டை மட்டுமா, பழகிய கையே மாற வேண்டியிருந்ததே!

1980 மாஸ்கோவில் தங்கம் திரும்பியது. கேப்டன் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன்.

மைதானத்தில் இப்போது மூடுபனி. பந்தைத் தேடுகிறார்கள்.