நிலவின் இரண்டரை நொடிக்காக அலைந்த கதை

காரைக்குடிப் பக்கம் மொட்டைமாடி ஆண்டெனாவை நம்பி மூன்பவுன்ஸ், அதாவது நிலவில் பட்டுத் திரும்பும் ரேடியோ சிக்னல், கேட்க இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்டெனா அல்ல, கடிகாரம்தான் உயிரை வாங்கும். 144 மெகாஹெர்ட்ஸ் யாகி ஆண்டெனா, சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், கேபிள் எல்லாம் சுலபமாக முடிந்தன. சரியான நேரத்துக்காக அலைந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நிலவில் பட்டு வரும் சிக்னலின் தாமதத்தை வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நிலவு கிட்டே வந்தால் சுமார் 2.4 நொடி, தூரப்போனால் 2.7. 1946 ஜனவரி 10 அன்று நியூஜெர்சியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் முதன்முதலில் பிடித்த எதிரொலிக்கும் இதே இரண்டரை நொடிதான். ஜேடி65 என்ற டிஜிட்டல் முறையில் அனுப்புகிறவர் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நிமிடம் பிறந்து ஒரு நொடியில் தொடங்குவார். அதை வைத்து மென்பொருள் டி.டி. (நேர வித்தியாசம்) என்ற பத்தியில் தாமதத்தைக் காட்டும். நம் கணினி அரை நொடி பிசகினால் நிலவே 75,000 கி.மீ. இடம் மாறியது போல ஆகிவிடும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய 50,000 கி.மீ.தான்!

எங்கள் தெருவில் சாயங்காலமானால் மொபைல் டேட்டா இழுக்கும். இணைய நேரம் கைகொடுக்கவில்லை. ஜி.பி.எஸ். பலகை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் நொடிக்கொரு துடிப்பு தரும் பி.பி.எஸ். பின் இருந்தது, வந்த பலகையில் இல்லை. "அதுவே நேரம் சொல்லுமே சார், பாக்கெட்டைப் பிரிச்சிட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது" என்றார்கள். அது எழுத்தாக அனுப்பும் நேரம் தாமதமாக வந்து சேரும், அந்தத் தாமதமும் நிலையாக இருக்காது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மதுரைக் கடையில் போனில் கேட்டதற்கு "இருக்கு சார், வாங்க" என்றார்கள். பஸ் ஏறிப் போனால் பி.பி.எஸ். இல்லாத அதே நான்கு பின் பலகையை நீட்டி, "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்கிறார் கடைக்காரர். தயவுசெய்து போனிலேயே பின்களின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது போட்டோ கேளுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் ஊர் டிவி மெக்கானிக். இந்த நியோ-6எம் ஜி.பி.எஸ். பலகைகளில் நொடிக்கொரு முறை சிமிட்டும் சின்ன எல்.இ.டி.க்குப் போவதே அந்தத் துடிப்புதான். பூதக்கண்ணாடி வைத்து அங்கே ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதை லினக்ஸ் மடிக்கணினிக்குக் கொடுக்க, துடிப்பை உள்வாங்கும் டி.சி.டி. பின் உள்ள யு.எஸ்.பி. அடாப்டர் வேண்டும், மலிவானவை பலவற்றில் அது இருக்காது.

அப்புறம், ஜி.பி.எஸ். ஆண்டெனாவை முற்றத்தில் வைக்காதீர்கள். வானம் தெரிந்தாலும் நாலு பக்கச் சுவரும் செயற்கைக்கோள்களை மறைக்கிறது. ஆச்சியிடம் கேட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டினேன். "நிலாவைப் பாக்கறதுக்குப் பஞ்சாங்கம் போதாதா தம்பி?" என்றாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நிலவு கிட்டே இருந்த அன்று ஐரோப்பியப் பெரிய நிலையங்கள் 2.4 என்று விழுந்தன. இரண்டு வாரம் கழித்து அதே நிலையங்கள் 2.7. கத்தியே விட்டேன். ஒரே நிலையத்தை மட்டும் நம்ப வேண்டாம்; அவர்கள் கடிகாரப் பிழையும் அந்த எண்ணில் சேர்ந்தே வரும். நாலைந்து பேரை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.