அம்மாவுக்கு எழுதினால் ஊருக்கே எழுதியது போல

கனடாவுக்கு வந்த புதிதில் நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களில் கேத்தரின் பார் டிரெயிலும் ஒருவர். 1832இல் இங்கிலாந்திலிருந்து கணவரோடு வந்து, பீட்டர்பரோ பக்கம் காட்டைத் திருத்திக் குடியேறியவர். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1836இல் லண்டனில் புத்தகமாயின. அட்டையில் அவர் பெயர் இல்லை. குடியேறிய அதிகாரி ஒருவரின் மனைவி எழுதியவை என்று மட்டும் இருந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான். இவ்வளவு கஷ்டத்திலும் காட்டுப்பூக்களை ரசிக்கிறாரே! அதே வருடம் வந்த தங்கை சூசன்னா மூடி, 1852இல் வெளியிட்ட புத்தகத்தில் குளிரையும் வறுமையையும் கசப்போடு சொல்கிறார். அதுதான் நிஜம் என்று தோன்றியது.

ஆனால் கடிதம் என்பது அன்று ஒருவர் படித்து மடித்து வைக்கும் பொருளில்லை. 1840க்கு முன் பிரிட்டனில் தாள் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்துத்தான் தபால் கட்டணம். பெரும்பாலும் பெறுபவர்தான் கட்ட வேண்டும். அதனால் ஒரு பக்கத்தை எழுதி முடித்து, தாளைத் திருப்பி, அதன் மேலேயே குறுக்கே எழுதுவார்கள். (படித்தவர்களின் கண் என்னவாகியிருக்குமோ!) அப்படி வந்த கடிதத்தை வீட்டில் உரக்கப் படிப்பார்கள், உறவினர்களுக்கும் அனுப்புவார்கள். என்னைக் கேட்டால் அதுவே பிரசுரம்தான். அச்சு அதற்கு அப்புறம் வந்தது.

நான் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதும் மாலைக்குள் சித்திகள் எல்லோருக்கும் போய்விடும். தெரிந்தேதான் எழுதுவேன். பனி வரும், பேருந்து வரும். வேலை கிடைக்காத கதை வராது. அது டைரிக்கு. டிரெயில் மேலிருந்த எரிச்சல் போனது இதை யோசித்தபோதுதான்.

டிரெயிலுக்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், தூதரின் மனைவியாகத் துருக்கி போனவர் லேடி மேரி வோர்ட்லி மாண்டேகு. அங்கே பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்துவதைப் பார்த்து 1717இல் எழுதியது அவருடைய பெயர்பெற்ற கடிதம். அந்தக் கடிதங்களைத் தானே தொகுத்துப் பிரதி எடுத்து வைத்திருந்தார். இறந்த மறு வருடம், 1763இல், அவை அச்சேறின. டைரியை மகள் எரித்துவிட்டார். பலர் கைக்குப் போனது தப்பித்தது, பூட்டி வைத்தது போயிற்று.

இப்போதெல்லாம் வேலை தேடும் கதையையும் அம்மாவுக்கே எழுதிவிடுகிறேன். சித்திகள் ஆளுக்கொரு யோசனை அனுப்புகிறார்கள், ஒன்றும் உதவவில்லை.