நீலம் என்று சொல்லி விற்ற வாணம்

அத்திப்பள்ளியில் வாங்கி வந்த வாணம். டப்பாவின் மேல் மயில்கழுத்து நீலத்தில் பூ விரிகிற படம். அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் பற்றவைத்தோம். மேலே போய், வெளுத்துப்போன ஊதாவில் ஒரு பூ. அவ்வளவுதான். "ஏமாத்திட்டாங்க மாமா!" என்றாள் அக்கா மகள்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வாண மருந்தில் கலக்கிற உலோகம்தான் நிறம் தரும்: சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம். இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். நீலத்துக்கு உள்ளது செம்பு. வெறும் செம்புக் கம்பியைத் தீயில் காட்டினால் பச்சைதான் வரும். குளோரினோடு சேர்ந்து காப்பர் குளோரைடாக இருக்கும்போதுதான் நல்ல நீலம். அதுவோ சூடு தாங்காது. பளிச்சென்று எரியட்டும் என்று தீயை ஏற்றினால் மூலக்கூறு உடைந்து நீலம் போய்விடும். சூட்டைக் குறைத்தால் நிறம் நிற்கும், ஆனால் மங்கல். இருட்டு வானத்தில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? ஒரு காலத்தில் பாரிஸ் கிரீன் என்ற செம்பு உப்பைப் போட்டு நீலம் எடுத்தார்கள். அதில் ஆர்சனிக், சுத்த விஷம்.

போதாக்குறைக்கு, மருந்தில் துளி சோடியம் கலந்தாலும் மஞ்சள் மற்றதை விழுங்கிவிடும். இதை நம்பவைக்க அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், காஸ் அடுப்பின் நீலத் தீயில் சோடியம் உள்ள தூள் உப்பை ஒரு சிட்டிகை தூவினேன். குபுக்கென்று மஞ்சள்.

"சரி மாமா, அப்ப அடுப்பையே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே, இதுதானே நல்ல நீலம்?"

அக்கா பர்னரைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.