ரங்கூனில் ஒரு திருப்பூர்க்காரன்

2018 ஜூலையில், கொட்டும் மழையில் மியான்மரின் யங்கோன் நகரத்தில் வந்து இறங்கினேன். எங்கள் பாட்டி வாயில் அது ரங்கூன்தான். முதல் வாரம் ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு. 1970இல் வண்டிகளை வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருக்கிற நாம் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நகரத்தின் ஓரத்தில் உள்ள லைங் தாயா தொழிற்பேட்டையில், ஒரு தையல் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆர்டர் பிடித்ததிலிருந்து சரக்கு ஏறும்வரை பார்த்துக்கொள்கிற வேலை. துணி, ஜிப், பட்டன் எல்லாம் சீனாவிலிருந்து வரும். இங்கே வெட்டி, தைத்து, பெட்டி கட்டுவது மட்டும்தான். லைனில் இருந்தவர்கள் அநேகமாகக் கிராமத்திலிருந்து வந்த பெண்கள், கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருப்பார்கள். அப்போது ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கூலி 4,800 கியாட். என்னை ‘சயா’ என்பார்கள். நம்மூர் ‘சார்’ மாதிரி.

நான் சேர்ந்த சில மாதத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகையை எடுத்துவிடப் போகிறது என்று கம்பெனியில் ஒரே பேச்சு. ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு ராணுவம் செய்த கொடுமைக்கான எச்சரிக்கை அது. இங்கே தைக்கிற ஜாக்கெட் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போவதால்தான் ஆர்டர் கொடுக்கிற பையர் வருகிறார். அது போனால் அவரும் போவார். அப்போது சலுகை போகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

2021 பிப்ரவரி 1 காலையில் எழுந்தால் போனில் உயிரில்லை. நான் குடியிருந்தது அனவ்ரதா சாலை காளி கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில். வீட்டுக்காரப் பெரியவர் பர்மாவிலேயே பிறந்த தமிழர். கதவைத் தட்டி, “தம்பி, பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கே?” என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் கேள்வி. 1964இல் ராணுவத் தளபதி நே வின்னின் ஆட்சி 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததையும், 1987இல் மறுபடி அதே மாதிரி செய்ததையும் பார்த்தவர். ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, ஆங் சான் சூச்சியைப் பிடித்துவிட்டது என்ற செய்தியை அப்புறம்தான் சொன்னார்.

மறுநாள் இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்கப் பாத்திரம் தட்டுகிற சத்தம். பேய் விரட்ட இங்கே அப்படிச் செய்வார்களாம். பெரியவர் வீட்டு அம்மா எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். எனக்கும் ஒரு வாணலி கிடைத்தது. வெளிநாட்டுக்காரன் தட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், தட்டினேன்.

கடைகளில் மியான்மர் பீர் காணாமல் போனது. ராணுவத்துக்குப் பங்குள்ள கம்பெனி அது. வெளிநாட்டுத் தடை வருவதற்கு முன்பே ஜனங்கள் போட்ட தடை என்று எனக்குப் பட்டது.

மார்ச்சில் எச் அண்ட் எம் என்ற ஐரோப்பியத் துணி பிராண்ட் புது ஆர்டரை நிறுத்தியது. மார்ச் 14 அன்று லைங் தாயாவில் போராடியவர்களைச் சுட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள், அன்றிரவே ராணுவச் சட்டம். லைன் பெண்கள் தட்டுமுட்டுச் சாமானோடு லாரியேறி ஊருக்குப் போனதைப் பார்த்தேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத வரவில்லை.

ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மியான்மருக்கு ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லும் தீர்மானம் வந்தது. 119 நாடுகள் ஆதரவு, பெலாரஸ் மட்டும் எதிர்ப்பு, 36 நாடுகள் நடுநிலை. திரும்பி வந்திருந்த ஒரு லைன் சூப்பர்வைசர், முப்பது வயது இருக்கும், மறுநாள் கேட்டார்: “சயா, உங்கள் நாடு எதில்?” முப்பத்தாறில் என்றேன். அவர் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிராண்டுகள் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று கேன்டீனில் தினமும் சண்டை நடக்கும். முழுத் தடை வேண்டும் என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பே கேட்டது. அந்த சூப்பர்வைசரும் அந்தப் பக்கம்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, இப்போதும் இல்லை. ராணுவத்துக்குப் பெரிய காசு கடலடி எரிவாயுவில். அதை விற்கும் அரசு நிறுவனத்தின் மேல் ஐரோப்பா கைவைக்கவே 2022 பிப்ரவரி ஆனது. அதுவரை அழுத்தம் என்ற சொல் எங்களுக்கு எட்டியது ரத்தான ஆர்டர் என்ற உருவில்தான். இதைச் சொன்னால் அவர், “எங்கள் வயிறு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிற என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

2023இல் எங்கள் பையரும் கிளம்பினார். கடைசிப் பெட்டிகள் ஏறிய மறுநாள் சூப்பர்வைசர் வந்து அனுபவச் சான்றிதழ் கேட்டார். எல்லையூரான மியாவடி வழியாகத் தாய்லாந்து போகிறாராம். ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “சயா, ஐந்து வருடம் என்று போட்டிருக்கிறீர்கள். ஆறு” என்றார்.

திருத்தி மறுபடி பிரிண்ட் எடுக்கப் போனேன். கரண்ட் இல்லை. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அது வரும்வரை காத்திருந்தோம்.