ஒன்பதாம் வகுப்பிலேயே பார்க்க வேண்டியவை, தள்ளிப் போட வேண்டியவை

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. அதே வீட்டில், அந்தக் குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தேர்வுப் படிவத்தை ஒரு நிமிடம்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். எஸ்ஏடியைப் பதினோராம் வகுப்பில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் படிவத்தில் எடுத்த முடிவைப் பிறகு மாற்றுவது கஷ்டம்.

காரணம் கணக்கு. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஆண்டுக்கு ஒன்று என்றால் ஐந்து ஆண்டு வேண்டும். ஹைஸ்கூலோ நான்கே ஆண்டு. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுக்காத பிள்ளை, எதையும் மாற்றாமல் போனால், பன்னிரண்டில் பிரீ-கால்குலஸோடு நின்றுவிடும். பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது பெரிய இடி. எம்ஐடி கால்குலஸ் வரை படித்து வரச் சொல்கிறது. கல்லூரி அளவில் நடத்தப்படும் ஏபி பாடங்களில் ஒன்றான பிசிக்ஸ் சி எடுக்கவும் கால்குலஸ் கூடவே ஓட வேண்டும்.

தாமதத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே ஆண்டில் எடுக்கலாம். ஒரு விருப்பப் பாடம் போகும், அவ்வளவுதான். அல்லது கோடையில் ஒன்றை முடிக்கலாம். கோடைக்கு ஜியாமெட்ரியைத் தேர்ந்தெடுங்கள். அல்ஜீப்ரா 2-ஐயோ பிரீ-கால்குலஸையோ ஆறு வாரத்தில் அடைக்காதீர்கள். கால்குலஸில் தடுமாறும் மாணவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது டெரிவேட்டிவில் அல்ல. பின்னங்களைச் சுருக்குவதிலும் லாகரிதத்திலும் டிரிக்னாமெட்ரியிலும்தான். அவை அந்த இரண்டு பாடங்களில் வருபவை. கம்யூனிட்டி காலேஜிலோ ஆன்லைனிலோ வெளியே படிப்பதானால், சேர்வதற்கு முன்பே பள்ளி கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். முடித்த பிறகு "இதை டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏற்ற மாட்டோம்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன.

மிகையாக ஓடுவதிலும் சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்பிலேயே ஏபி கால்குலஸின் உயர்நிலையான கால்குலஸ் பிசி முடித்த பிள்ளைக்குப் பெரும்பாலான பள்ளிகளில் கால்குலஸுக்கு அடுத்த கணிதப் பாடம் இருக்காது. மல்ட்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா எங்கே படிப்பது என்பதற்கு வழி வைத்திருந்தால் மட்டும் அந்த வேகத்தில் போகலாம்.

அடுத்தது அந்நிய மொழி. ஒரே மொழியில் மூன்று, நான்கு ஆண்டு படித்தால் நல்லது; ஒன்பதில் தொடங்கினால் அது எளிதாக முடியும். சில பள்ளி மாவட்டங்கள் தமிழ்த் தேர்வு எழுதினால் மொழி கிரெடிட் தருகின்றன. விசாரித்துப் பாருங்கள்.

ஏபி பாடங்களை எண்ணிக் குவிக்க வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்தோடு பள்ளியின் விவரக் குறிப்பையும் கவுன்சிலர் அனுப்புகிறார். அந்தப் பள்ளியில் என்னென்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் மாணவரை எடை போடுவார்கள். ஆறே ஏபி இருக்கும் பள்ளியில் ஐந்து எடுத்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஏபிக்கு மேல் தேவைப்படும் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்த ஆண்டு மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பத்து, பதினொன்று வகுப்புகளை வைத்து ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கிடுகிறது. ஆனால் அது கேட்கும் 15 பாடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களும் சேரும், அவற்றில் குறைந்தது சி கிரேடு வேண்டும். அங்கே எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மவுத், பிரவுன் ஆகியவை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை: அதன் பெயரோடு "காமன் டேட்டா செட்" (பல்கலைக்கழகமே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி, சி7 பகுதியைப் பாருங்கள். பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆர்வம் காட்டியது என ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் முக்கியத்துவம் குறிக்கப்பட்டிருக்கும். கட்டண ஆலோசகரிடம் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

எஸ்ஏடிக்கான காலம் அல்ஜீப்ரா 2 முடிந்த பிறகு. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் படித்து, பதினொன்றில் எழுதினால் போதும். நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குக் கணக்கில் வருவது பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி (எஸ்ஏடியின் முன்னோட்டத் தேர்வு) மட்டுமே.

வெளிச் செயல்பாடுகளுக்கு, பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். வாக்கியம் அல்ல, எழுத்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி, மணி, செய்த வேலை, விளைவு என்று குறித்து வந்தால் மூன்று ஆண்டு கழித்து நினைவைத் துழாவ வேண்டாம். பத்து கிளப்பில் பெயர் கொடுப்பதைவிட இரண்டில் எதையாவது செய்து முடிப்பது மேல். "ஆராய்ச்சி வாய்ப்பு" என்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் கோடைத் திட்டங்களின் பெயரைப் பார்த்து அட்மிஷன் அலுவலர் மயங்குவதில்லை. கணித ஆர்வம் இருந்தால் நவம்பரில் நடக்கும் ஏஎம்சி 10 என்ற கணிதப் போட்டித் தேர்வை எழுதலாம். பத்தாம் வகுப்பைத் தாண்டினால் அது போய், ஏஎம்சி 12 மட்டும்தான்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் இருவரைப் பிடியுங்கள். கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், மொழி அல்லது வரலாற்றில் ஒருவர். பதினொன்று முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு செப்டம்பரில் அவர்களிடம் வரிசை நிற்கும்.

கடைசியில் பணம். இதைத்தான் பலர் தாமதமாக அறிகிறார்கள். அரசின் கல்லூரி நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவம், கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது: பத்தாம் வகுப்பின் ஜனவரி முதல் அதே ஆண்டில் வரும் பதினோராம் வகுப்பின் டிசம்பர் வரை. பங்குகளை விற்று லாபம் எடுக்கும் எண்ணம் இருந்தால், பத்தாம் வகுப்பின் டிசம்பர் 31-க்கு முன் முடித்தால் அந்த லாபம் இந்த வருமானத்தில் சேராது. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா வழி உதவி கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் அவர்களை வெளிநாட்டு விண்ணப்பதாரராகவே நடத்துகின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சிலவே குடியுரிமை பார்க்காமல் தேவைக்கேற்ற உதவி தருகின்றன. எச்-4 பிள்ளை உள்ள வீட்டில் பட்டியல் போடும்போது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் நிதி உதவிப் பக்கத்தையும் முதலில் படித்துவிட்டுப் பெயரைச் சேருங்கள்.