மரகதப்புறா கிளியான கதை

தமிழ்நாட்டின் மாநில விலங்கு, பறவை, பட்டாம்பூச்சி மூன்றையும் வாட்டர்கலரில் வரைந்து கூடத்தில் மாட்டுவது என்று உட்கார்ந்து ஏழு வாரமாகிறது. இதுவரை தேறியது ஒன்றரைப் படம்.

வரையாட்டுக்கு முதலில் நினைவிலிருந்தே கொம்பு போட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, சந்தைக்கு வந்த வெள்ளாடாக நின்றது. அதை அப்படியே வைத்துவிட்டு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் பஸ் ஏறினேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் ஒரு கிடா, சாலையோரச் சுவர்மேல் நின்றிருந்தது. பத்து நொடிதான். கொம்புகள் நெற்றியில் நெருக்கமாக முளைத்து, ஒன்றையொன்று ஒட்டினாற்போலவே பின்னால் வளைகின்றன. கரும்பழுப்பு உடம்பில், முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல நரை. பின்சீட்டில் ஒருவர் அதற்கு பிஸ்கட்டை எறியப் பார்த்தார்; நடத்துநர் போட்ட சத்தத்தில் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். 2025 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 1,303 வரையாடுகள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் அதைவிட அதிகம்.

வீடு திரும்பி வரைந்த இரண்டாவது வரையாடு தேறிவிட்டது.

புறாதான் பாடாய்ப் படுத்துகிறது. மரகதம் என்ற பெயரை நம்பி, ட்யூபில் இருந்த பச்சையை அப்படியே இறக்கைமேல் பூசினேன். அலகு வேறு சிவப்பா, மகள் எட்டிப் பார்த்து, "கிளி அழகாக இருக்கிறது அப்பா" என்றாள். போதாக்குறைக்கு, அடிமுதுகில் வரவேண்டிய வெளிர்பட்டைகளை மடித்த இறக்கையின்மேல் போட்டிருந்தேன். பறக்கும்போது தெரிகிற பட்டைகள் அவை.

அந்தப் பச்சை காட்டு நிழலில் வெண்கலம்போல மங்கும், வெயில் பட்டால் மினுங்கும். இப்போது செம்பழுப்பை நீர்க்கக் கரைத்து அடியில் ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்தபிறகு மேலே மெல்லிய பச்சை. ஈரத்தில் கைவைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடுகிறது. இரண்டு தாள் அப்படிப் போயிற்று. நெற்றி வெண்மைக்குத் தாளையே விட்டுவைக்கிறேன். மார்புக்கு நாவல்பழக் கறையைத் துவைத்தெடுத்தபின் மிஞ்சும் நிறம் வேண்டும். அது மட்டும் முதல் முறையிலேயே அமைந்துவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள்.

கால்கள் பாக்கி. தமிழ் மறவன் பட்டாம்பூச்சிக்காக வாங்கிய ஆரஞ்சு ட்யூப் இன்னும் மூடி திறக்காமல் கிடக்கிறது.